‘புத்தகத்தில் உள்ளபடியே அடித்தேன் சேர், வேலை செய்யவில்லை’

போன டிசம்பர் விடுமுறையில் ஹட்டன் நகரில் கடை வைத்திருக்கும் ஒரு தகப்பன் தன் மகனோடு என் வீட்டுக்கு வந்தார். மகன் ஓ.எல். எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறான். கையில் தலையணை மாதிரி ஒரு ஆங்கிலப் புத்தகம். படிப்படியாக இணையத்தளம் செய்யக் கற்றுத்தரும் என்று அட்டையில் போட்டிருந்தது. "சேர், இதை முடித்தால் இவன் வெப்சைட் செய்யப் பழகிவிடுவானா? இல்லாவிட்டால் மச்சானுடைய புறக்கோட்டைக் கடைக்கு அனுப்பிவிடுவேன்" என்றார்.

அன்று அவருக்குப் பாதிப் பதில்தான் சொன்னேன். எமது பகுதியில் இதே கேள்வியோடு இன்னும் பல பெற்றோர் இருக்கிறார்கள் என்பதால் மீதியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் கணனி விஞ்ஞானம் படித்தவன் அல்ல. கொட்டகலை ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்ற கணித ஆசிரியன். பாடசாலைக்குக் கணனிகள் வந்திறங்கிய அன்று, "நீங்கள் கணக்குச் சேர்தானே" என்று அதிபர் அறைச் சாவியை என் கையில் வைத்துவிட்டார். மலையகத்தில் பல கணனி ஆசிரியர்கள் உருவான கதை இப்படித்தான். அடுத்த தடவை கொழும்புக்குப் போனபோது டீ.ஆர். விஜேவர்தன மாவத்தையில் இருக்கும் பழைய புத்தகக் கடைகளில் விசுவல் பேசிக் 6 பற்றிய ஒரு புத்தகத்தை வாங்கினேன். திரும்பி வரும் ரயில் நாவலப்பிட்டியைத் தாண்டுவதற்குள் முதல் அத்தியாயத்தை முடித்துவிட்டேன்.

இரண்டு மாதத்தில் புத்தகமும் முடிந்தது. கூட்டிக் கழிக்கும் ஒரு கணிப்பான் செய்தேன், படம் காட்டும் ஒரு பெட்டி செய்தேன். எல்லாம் புத்தகத்தில் உள்ளபடியே ஓடின. ஊரில் நானும் ஒரு புரோகிராமர் என்று மனதுக்குள் ஒரு பெருமை. பிறகு அதிபர், தவணைப் பரீட்சைப் புள்ளிகளைக் கூட்டி நிலை போட்டுத் தர ஒன்று செய்ய முடியுமா என்று கேட்டார். வெறும் திரைக்கு முன்னால் ஒரு பின்னேரம் முழுவதும் உட்கார்ந்திருந்தேன். முதல் வரி என்னவென்று தெரியவில்லை. ஒரே புள்ளி எடுத்த இரண்டு பிள்ளைகளுக்கு எந்த நிலை கொடுப்பது? பரீட்சைக்கு வராத பிள்ளையின் புள்ளி பூச்சியமா, வெற்றிடமா? இவற்றைப் பற்றிப் புத்தகத்தில் ஒன்றும் இல்லை.

ஏன் இப்படி ஆகிறது? இந்தப் புத்தகங்கள் எப்படி எழுதப்படுகின்றன என்று பார்த்தால் விளங்கும். ஆசிரியர் ஒரு வேலையை முதலில் தானே முழுதாகச் செய்து முடிக்கிறார். பிறகு அதை ஐம்பது துண்டுகளாக வெட்டி, இதை அடி, இதை அழுத்து, இது திரையில் வரும் என்று வரிசையாக அடுக்கித் தருகிறார். நாம் அந்தத் துண்டுகளை ஒட்டுகிறோம். செய்நிரல் எழுதுகிறவனுடைய உண்மையான வேலையோ ஒரு பெரிய காரியத்தைத் துண்டுகளாக வெட்டுவதுதான். அதைப் புத்தகம் நமக்காக முன்கூட்டியே செய்து வைத்துவிடுகிறது. கூகுளில் ஆராய்ச்சிப் பிரிவை வழிநடத்திய பீட்டர் நோர்விக், 24 மணித்தியாலத்தில் கற்றுக்கொள் என்று வரும் புத்தகங்களுக்குப் பதிலாகவே ‘பத்து ஆண்டுகளில் கற்றுக்கொள்’ என்று தலைப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார்.

அதற்காகப் புத்தகத்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. வலைப்பின்னல் அடிக்கடி அறுந்து, மழைக்கு மின்சாரமும் போகும் தோட்டப் பகுதியில் காணொளிப் பாடங்களை மட்டும் நம்ப முடியாது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. அப்போதும் மெழுகுதிரி வெளிச்சத்தில் புத்தகத்தைத் திறக்க முடிந்தது. ஆனால் அது எங்கே காலை வாரும் என்று தெரிந்துகொண்டு திறக்க வேண்டும்.

அதிகமாகக் காலை வாருவது புத்தகத்தின் வயது. ஏ.எல். மாணவன் ஒருவன் பழைய பிஎச்பி புத்தகம் ஒன்றைப் பார்த்து, தரவுத்தளத்தோடு இணைக்கும் வரியை எழுத்துப் பிசகாமல் அடித்தான். அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று சிவப்பில் பிழைச் செய்தி வந்தது. மூன்று நாள் தன்னைத்தானே நொந்துகொண்டான். அவன் மேல் பிழை இல்லை. ‘மைஎஸ்கியூஎல் கனெக்ட்’ என்ற அந்தப் பழைய கட்டளையைக் கைவிடும்படி 2013இலேயே எச்சரித்து, 2015 டிசம்பரில் வந்த பிஎச்பி 7இல் முற்றாக நீக்கிவிட்டார்கள். பைதனிலும் இதே கதை. பழைய புத்தகங்களில் ‘பிரின்ட்’ என்ற சொல்லுக்குப் பின் அடைப்புக்குறி இராது. பைதன் 3 அதைக் கட்டாயம் கேட்கும். பைதன் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி முதலாம் திகதியோடு நின்றுவிட்டது. அப்படியிருந்தும் அதைச் சொல்லித்தரும் புத்தகங்கள் பழைய கடைகளில் இன்னும் மலிவாகக் கிடைக்கின்றன. மலிவாகக் கிடைப்பதற்குக் காரணமே அதுதான்.

எச்டிஎம்எல் இதற்கு நேர் எதிர். அது மன்னிக்கும் குணம் உடையது. 1999ஆம் ஆண்டிலேயே தவிர்க்கச் சொன்ன எழுத்துரு, நடுப்படுத்தல் குறிகளை இன்று அடித்தாலும் உலாவி முகம் சுளிக்காமல் காட்டும். ஒரு குறியை மூட மறந்தாலும் தானே மூடிக்கொள்ளும். ஆகவே பழைய எச்டிஎம்எல் புத்தகம் வீண்போகாது, பிள்ளைக்கு முதல் நாளே திரையில் ஏதாவது தெரியும், உற்சாகம் வரும். ஆனால் தன் பிழை தனக்குத் தெரியாமலே பல மாதம் ஓட்டிவிடுவான். பைதனில் ஒரு முக்காற்புள்ளி விடுபட்டால் அந்த இடத்திலேயே நின்றுவிடும். இரண்டில் எது நல்ல ஆசிரியர் என்று கேட்டால், திட்டுகிறவர்தான் என்பேன். ஆனாலும் பத்து வயதுப் பிள்ளைக்கு முதல் நாளே திட்டு வாங்கிக் கொடுக்க எனக்கு மனம் வராது.

இன்னொரு விடயம், எந்த ஆங்கிலப் புத்தகமும் நமது பிள்ளைக்குச் சொல்லித் தராதது. தமிழில் ஒரு பக்கம் செய்கிறான். நோட்பேட்டில் சேமித்துத் திறக்கிறான். எல்லாம் கேள்விக்குறி. 2019இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்துதான் நோட்பேட் தானாகவே யுடிஎப்-8 முறையில் சேமிக்கிறது. எமது கணனி அறைகளில் உள்ள பழைய இயந்திரங்களில் அதை நாமே தெரிவு செய்ய வேண்டும். பக்கத்தின் தலைப்பகுதியிலும் எழுத்துமுறை யுடிஎப்-8 என்று ஒரு வரி எழுத வேண்டும். ஆங்கில எழுத்துகள் எந்த முறையிலும் உடையாது என்பதால் பழைய புத்தகங்கள் பல இதைக் கண்டுகொள்வதில்லை. பாமினி எழுத்துருவில் தட்டச்சுப் பழகியவர்களுக்கு இன்னும் சிக்கல். பாமினியில் கணனி சேமிப்பது ஆங்கில எழுத்துகளைத்தான், மேலே தமிழ் உருவம் போர்த்தப்பட்டிருக்கிறது. தன் கணனியில் அழகாகத் தெரியும் பக்கம், நண்பனின் போனில் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாக வரும். பிள்ளை தன்னில் ஏதோ குறை என்று நினைத்து விட்டுவிடுவான்.

இந்த இடத்தில் தமிழ் நூல்கள் கைகொடுக்கின்றன. தமிழகத்தில் 2012இல் தொடங்கிய கணியம் குழுவினர் இதில் செய்திருப்பது பெரிய வேலை. து. நித்யா எழுதிய எளிய தமிழில் எச்டிஎம்எல், எளிய தமிழில் சிஎஸ்எஸ், எளிய தமிழில் மைஎஸ்கியூஎல் போன்றவற்றை இலவசமாகவே பதிவிறக்கலாம். நாம் செய்நிரல் என்பதை அவர்கள் நிரல் என்பார்கள், நாம் கணனி என்பதைக் கணினி என்பார்கள். இரண்டு நாளில் பழகிவிடும். அரசாங்கம் இலவசமாகத் தரும் தரம் 11 பாடநூலிலும் பஸ்கால் மொழியும் எச்டிஎம்எல்லும் தமிழிலேயே இருக்கின்றன. வீட்டில் கிடக்கும் அந்த நூலைத் திறக்காமல் கடையில் புதுப் புத்தகம் தேடும் பெற்றோரைப் பார்க்கும்போது எனக்குச் சற்றுக் கோபம்தான் வருகிறது.

பிழையைத் தேடுவதே பாடம் என்பதை ஒரு தலைமுறை தெரியாமலே கற்றது. 1980களில் இங்கிலாந்தில் அஸ்போர்ன் பதிப்பகம் சிறுவர்களுக்கான கணனிப் புத்தகங்களை வெளியிட்டது. விளையாட்டுகளின் வரிகள் முழுதாக அச்சாகியிருக்கும், பிள்ளைகள் அவற்றைப் பார்த்துத் தட்டச்சு செய்வார்கள். எங்காவது ஓர் எழுத்து பிசகும், ஓடாது. பிசகிய இடத்தைத் தேடித் தேடியே பலர் கற்றுக்கொண்டார்கள். பிறகு ஒரு எண்ணை மாற்றிப் பார்ப்பார்கள், விண்கலம் இரட்டை வேகத்தில் பறக்கும். இன்று எமது பிள்ளை அதே வரிகளைப் பிரதி எடுத்து ஒட்டிவிடுகிறான். முதல் தடவையே ஓடிவிடுகிறது. ஓடியதால் ஒன்றும் தங்குவதில்லை.

எனது வகுப்பில் நான் இப்போது செய்வது இதுதான். புத்தகத்தின் ஓர் அத்தியாயம் முடிந்ததும் அதை மூடச் சொல்வேன். அதே உதாரணத்தை வீட்டில் நடக்கும் ஒரு காரியத்துக்கு மாற்றி எழுதச் சொல்வேன்.

தோட்டத்திலிருந்து வரும் ஒரு மாணவி, புத்தகத்தில் இருந்த கடைக் கழிவு உதாரணத்தை அம்மாவின் சம்பளமாக மாற்றினாள். நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் என்று 2021 மார்ச்சில் வர்த்தமானி வந்த பிறகு நடந்தது இது. குறித்த கிலோ எடுத்தால் முழுப் பேர், இல்லாவிட்டால் அரைப் பேர். மாத முடிவில் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம் கழிய வேண்டும். 21 பேர் என்றால் 21,000, அதில் 1,680 போக 19,320. திரையில் அந்த எண் வந்ததும் துள்ளினாள். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் காட்டியிருக்கிறாள். அம்மா சிரித்தாராம்.

மறுநாள் வந்து, "சேர், எல்லா மலைக்கும் ஒரே கிலோ இல்லையாம்" என்றாள். கவ்வாத்து முடிந்த மலையில் கொழுந்து குறைவு, அங்கே வேறு கணக்கு. மழை நாளில் ஈரக் கொழுந்துக்குத் தண்ணீருக்கென்று கிலோ கழிப்பார்கள். கூடுதலாக எடுத்த கிலோவுக்குத் தனிக் காசு. பக்கத்துத் தோட்டத்தில் கிலோ அளவே வேறு. அவளுடைய ஒரு ‘இருந்தால் – இல்லாவிட்டால்’ ஐந்தாகப் பிரிந்தது. இரண்டு வாரம் எழுதினாள், அழித்தாள், திரும்பவும் அம்மாவிடம் போய்க் கேட்டாள். புத்தகத்தில் அந்த அத்தியாயம் நான்கு பக்கம்தான். நான் பல வருடம் கழித்துப் புள்ளிப் பட்டியலில் கற்றுக்கொண்டதை அவள் 16 வயதில் கொழுந்துத் தராசில் கற்றுக்கொண்டாள். அம்மாவின் சம்பளத் துண்டில் உள்ள ஒவ்வொரு கழிவும் என்னவென்று இப்போது அந்த வீட்டில் அவளுக்குத் தெரியும்.

பெற்றோருக்கு நடைமுறையாகச் சில வார்த்தைகள். புத்தகம் வாங்குமுன் உள்ளே அச்சான வருடத்தையும், எந்தப் பதிப்புக்கு எழுதப்பட்டது என்பதையும் பாருங்கள். விடை கொடுக்காத பயிற்சிகள் இருக்கின்றனவா என்று புரட்டிப் பாருங்கள். ஒன்றுமே இல்லாவிட்டால் வைத்துவிடுங்கள். புத்தகம் விண்டோஸ் கணனியை நினைத்து எழுதப்பட்டது, உங்கள் பிள்ளையிடம் இருப்பது போன் மட்டும் என்றால் முதல் பக்கத்திலேயே நின்றுவிடுவான். போனில் பைதன் எழுதச் செயலிகள் இருக்கின்றன, ஆரம்பத்துக்கு அது போதும். மூன்று மாதத்தில் டிப்ளோமா என்று பெருந்தொகை கேட்கும் வகுப்புகளில், பிள்ளை தானாகச் செய்த ஒரு வேலையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். இதே புத்தகத்தின் உதாரணத்தைத்தான் காட்டுவார்கள் என்றால் புத்தகம் மலிவு.

அந்தக் கடைக்காரரின் மகன் புறக்கோட்டைக்கு இன்னும் போகவில்லை. ஆறாம் அத்தியாயத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, வாப்பாவின் கடன் கொப்பியைக் கணனிக்கு மாற்றுவதாகச் சொல்லியிருக்கிறான். போன கிழமை போன் எடுத்தான். ஒருவர் 3,400 ரூபாய்க் கடனில் 2,000 கட்டிவிட்டு, அதே நேரம் 650க்குப் புதிதாகச் சாமான் எடுத்தால் அதை ஒரு வரியில் எழுதுவதா, இரண்டு வரியிலா என்று கேட்டான். "வாப்பா கொப்பியில் எப்படி எழுதுகிறார் என்று போய்ப் பார் மகன்" என்று சொல்லியிருக்கிறேன்.