ஓடும் பிள்ளையைப் படம் எடுக்க எந்தக் கமரா?

சென்ற வருடத் தமிழ்ப் பள்ளி விளையாட்டுப் போட்டியில் என் மகள் 100 மீற்றர் ஓடி முதலாவதாக வந்தாள். அதற்கென்றே இரண்டு மாதம் மேலதிக நேர வேலை செய்து கமரா வாங்கியிருந்தேன். ஊருக்கு அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு அம்மா தொலைபேசியில் கேட்டார்: "தம்பி, இதில எங்கட பிள்ளை எது?"

பேத்தியை அவர் இன்னும் நேரில் கண்டதில்லை. படத்திலும் ஒரு சிவப்புக் கோடுதான் இருந்தது.

நான் விட்ட பிழையை நீங்களும் விடக்கூடாது என்றே இதை எழுதுகிறேன். கடையில் நான் கேட்டது "எத்தனை மெகாபிக்சல்?" என்பதை மட்டும்தான். ஓட்டத்தை நிறுத்திப் பிடிப்பது அதுவல்ல, ஷட்டர் வேகம்.

பிள்ளை ஒரு செக்கனில் 5 மீற்றர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஷட்டர் 1/60 செக்கன் திறந்திருந்தால் அதற்குள் பிள்ளை 8 சென்ரிமீற்றர் நகர்ந்துவிடும். 1/1000 செக்கன் என்றால் அரைச் சென்ரிமீற்றர்தான்.

ஆகவே வாங்கும்போது நான்கு விடயங்களைப் பாருங்கள்.

ஒன்று, ஷட்டர் வேகத்தை நாமே தெரிவு செய்யும் வசதி. கமராவின் மேலுள்ள வட்டத்தில் 'எஸ்' அல்லது 'ரிவி' என்று இருக்கும்.

இரண்டு, ஓடுபவரை விடாமல் பின்தொடரும் ஓட்டோ ஃபோகஸ்.

மூன்று, செக்கனுக்கு எத்தனை படம் எடுக்கும் என்பது. 2014 இல் வந்த கனோன் 7டி மார்க் 2, 2016 இல் வந்த நிக்கோன் டி500 இரண்டும் 10 படம் எடுப்பவை. பாவித்ததாக வாங்கினால் காசு மிச்சம்.

நான்கு, லென்ஸ். மண்டபத்துக்குள் நடனம், கரப்பந்து என்றால் வெளிச்சம் போதாது. எஃப் 2.8 அல்லது அதற்கும் குறைந்த இலக்கமுள்ள லென்ஸ் வேண்டும். 50 மில்லிமீற்றர் எஃப் 1.8 லென்ஸ் மலிவானது. மேடைக்குக் கிட்ட இருந்து எடுக்க அது போதும். ஐஎஸ்ஓவையும் கூட்டுங்கள். படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும்; ஆனால் முகம் தெரியும்.

ஒன்றைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. என் கமராவிலும் 'எஸ்' இருந்தது! நான்தான் 'ஓட்டோ'வில் விட்டிருந்தேன். அன்று மழை இருட்டு. கமரா தானாகவே வேகத்தைக் குறைத்துவிட்டது. எனவே புதிதாக வாங்குமுன் கையில் உள்ளதைத் திருப்பிப் பாருங்கள்.

இந்த வருடம் அதே கமராவில், 1/1000 இல் எடுத்தேன். அம்மா பார்த்துவிட்டுச் சொன்னார்: "பல்லைக் கடிச்சுக்கொண்டு ஓடுறாள், உன்னைப் போலவே."