அரசின் 200 ரூபா, கம்பனியின் செக்ரோல்

இலங்கையின் மலையகத்தில், டயகமவில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்ணின் நாட்சம்பளத்தில் தோட்டக் கம்பனியின் காசோடு அரசின் காசும் சேர்கிறது. 2025 நவம்பரில் முன்வைக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம், 1,350 ரூபாவாக இருந்த நாட்சம்பளத்தை 1,550 ஆக்குவதாகவும், வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் 200 ரூபாவை அரசே ஊக்குவிப்புக் கொடுப்பனவாகத் தருவதாகவும் அறிவித்தது. இதற்கென 5,000 மில்லியன் ரூபா ஒதுக்கப்பட்டது. 1,750 ரூபா கிடைக்கிறது என்பதே பேச்சாகிவிட்டதால், இந்த 200 ரூபாவால் வேறு யாருக்கு ஆதாயம் என்று கேட்பார் குறைவு.

வருகைக் கொடுப்பனவு மலையகத்துக்குப் புதிதல்ல. 2016ஆம் ஆண்டின் கூட்டு ஒப்பந்தத்தில் 730 ரூபா நாட்சம்பளத்துக்குள் 60 ரூபா வருகைக்கென்றே இருந்தது. அதைக் கொடுத்தவை கம்பனிகள். 2019 ஒப்பந்தத்தில் அது நீக்கப்பட்டது. இப்போது அது திரும்பியிருக்கிறது. ஆனால் செலவு மக்களின் வரிப்பணத்தில். ஆள் பற்றாக்குறை என்று கம்பனிகள் நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றன. அரசு காசு கொடுத்து ஆளை மலைக்கு வரவழைத்தால், கூடுதலாகப் பறிக்கப்படும் கொழுந்து கம்பனியின் தொழிற்சாலைக்குத்தான் போகும். அந்த 200 ரூபாவில் ஒரு சதத்தையும் தொடாமலே கம்பனி இலாபம் பார்க்கலாம்.

அதைவிடப் பெரியது கணக்கின் அதிகாரம். தோட்டத்தில் ஒரு நாள் வேலை என்பது செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டில் விழும் 'பேர்'. கொழுந்து மடுவத்தில் தராசு காட்டும் எடையில் ஈரத்துக்கும் சாக்குக்கும் கழித்த பிறகு, குறித்த கிலோ வராவிட்டால் அரைப் பேர்தான். 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாவானதும் கிலோவைக் கூட்டினார்கள், வேலை நாளைக் குறைத்தார்கள் என்று தொழிற்சங்கங்கள் குற்றம்சாட்டின. அரசு தரும் காசும் அதே செக்ரோலை நம்பியே கணக்கிடப்படுமானால், அரசின் நல்ல நோக்கம் தராசடியிலேயே தேய்ந்துவிடும். கணக்கு யார் கையில் என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு வெளிநாட்டு உதாரணமும் உண்டு. தென்னாபிரிக்காவில் 2012 முதல் சமூக உதவித்தொகையை வழங்கும் வேலை ஒரு தனியார் நிறுவனத்திடம் இருந்தது. அதன் சகோதர நிறுவனங்கள் உதவித்தொகை பெறுவோருக்கே கடனும் காப்புறுதியும் விற்க, உதவித்தொகையிலிருந்தே பிடித்தம் நடந்தது. உதவி பெறுவோரின் பட்டியலைக் கையில் வைத்திருப்பதே பெரிய முதல் என்பதற்கு அது சாட்சி.

உற்பத்திச் செலவு ஏறிய நிலையில் கம்பனிகளால் இதற்கு மேல் கொடுக்க முடியாது, அரசு கைகொடுப்பதில் என்ன தவறு என்று கேட்கலாம். தவறில்லை. ஆனால் தொழிலுக்குக் கொடுக்கும் மானியத்தைத் தொழிலாளர் நலன் என்று மட்டும் சொல்லக்கூடாது. மானியம் என்றால் பெறுபவர் கணக்குக் காட்ட வேண்டும். எல்லாவற்றையும் அரசே நடத்தட்டும் என்பதும் விடையாகாது. ஊழியர் சேமலாப நிதியைச் செலுத்தாமல் நிலுவை வைத்தவற்றில் ஜனவசம, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் ஆகிய அரச நிறுவனங்களும் உண்டு. வருகைப் பதிவு தோட்டத்திடம்தானே இருக்கிறது என்பது உண்மை. பதிவைத் தோட்டம் கொடுக்கட்டும். காசை அரசு நேரே தொழிலாளியின் வங்கிக் கணக்கில் போடட்டும். 2023இல் தொடங்கிய அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு அப்படித்தான் போகிறது.

எந்தக் கம்பனியின் தோட்டங்களுக்கு எத்தனை நாளுக்கு எவ்வளவு அரசுப் பணம் சென்றது என்பதை மாதாமாதம் வெளியிட வேண்டும். தொழிலாளியின் கையில் தமிழில் எழுதிய நாட்கணக்குத் துண்டு இருக்க வேண்டும். விடுபட்ட பேரைத் தொழில் திணைக்களத்தில் முறையிட்டுத் திருத்தும் வழியும் வேண்டும். சம்பளம் எவ்வளவு என்று கேட்கும் தொழிற்சங்கங்கள், இனி செக்ரோலையும் காட்டச் சொல்லட்டும்.