காகத்தை விட்டுவிடாதீர்கள்: பறவைக் கணக்கெடுப்பில் ஒரு கேள்வியும் அதன் பொருளும்

ஆண்டுதோறும் பிப்ரவரியில், நான்கு நாட்கள், ‘கிரேட் பேக்யார்ட் பேர்ட் கவுண்ட்’ என்னும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பள்ளி, கல்லூரிகளுக்கான வளாகப் பறவைகள் கணக்கெடுப்பும் அதே நாட்களில்தான். பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் கலந்துகொண்ட ஆசிரியர்களும் குடியிருப்போர் சங்கத்தினரும் எழுதியிருக்கும் கடிதங்கள் பலவும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. ஈபேர்ட் (eBird) என்னும் பறவைப் பதிவுத் தளத்தில் பட்டியலை ஏற்றும்போது கடைசியில் ஒரு கேள்வி வருகிறது: நீங்கள் அடையாளம் கண்ட பறவைகள் அனைத்தும் இந்தப் பட்டியலில் இருக்கின்றனவா? ‘ஆம்’ என்பதா, ‘இல்லை’ என்பதா?

“பாதிப் பறவைகளின் பெயரே தெரியவில்லை. ‘ஆம்’ என்று எப்படிச் சொல்வது?”

தயங்காமல் சொல்லலாம். கண்ணில் பட்ட எல்லாவற்றுக்கும் பெயர் தெரிந்ததா என்று அங்கே கேட்கவில்லை. பெயர் தெரிந்த எதையும் வேண்டுமென்றே விட்டுவிடவில்லையே என்றுதான் கேட்கிறார்கள். ஏழு பறவைகள் மட்டுமே அடையாளம் தெரிந்து, ஏழையும் எழுதியிருந்தால் அது முழுமையான பட்டியல். முப்பது தெரிந்தும், காகமும் மைனாவும் எதற்கு என்று இருபத்தெட்டை எழுதினால் அது முழுமையற்ற பட்டியல். இந்த இடத்தில், தெரிந்ததை விட்டுவிடும் பறவை நிபுணரின் பட்டியலைவிட, நேர்மையான ஆறாம் வகுப்பு மாணவியின் பட்டியலுக்கு மதிப்பு அதிகம்.

“ஒரு ‘ஆம்’ இவ்வளவு முக்கியமா?”

இந்த முயற்சி முழுவதும் அந்த ‘ஆம்’ மீதுதான் நிற்கிறது. ‘சிட்டுக்குருவி இருந்தது’ என்று எழுத எல்லோராலும் முடியும். ‘இல்லை’ என்று யாரும் எழுதுவதில்லை. முழுமையான பட்டியலில் சிட்டுக்குருவி இல்லையென்றால், தேடியும் அது கிடைக்கவில்லை என்று கொள்ளலாம். எழுதாமலே பதிவாகும் செய்தி அது.

ஓர் ஊரிலிருந்து வந்த 100 முழுமையான பட்டியல்களில் 40-இல் சிட்டுக்குருவி இருந்தால் விகிதம் 40 சதவீதம். சில ஆண்டுகள் கழித்து 1,000 பட்டியல்கள் வந்து 200-இல் மட்டும் அது இருந்தால், பதிவுகள் ஐந்து மடங்கு கூடியிருக்கின்றன; பறவையோ அரிதாகியிருக்கிறது. ஒவ்வொரு கணக்கெடுப்பு முடிந்ததும் ‘இத்தனை இனங்கள், இத்தனை பட்டியல்கள், இந்த மாவட்டம் முதலிடம்’ என்று அறிவிப்புகள் வரும். அவற்றை எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். எத்தனை பேர் வெளியே வந்து பார்த்தார்கள் என்பதை அந்த எண்கள் சொல்லும். பறவைகள் பெருகினவா, குறைந்தனவா என்பதை விகிதம்தான் சொல்லும்.

‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கைகள் இந்த வழியில்தான் உருவாயின. 2023-இல் வெளியான அறிக்கை 942 இனங்களை ஆராய்ந்து, 178 இனங்களுக்கு உடனடிக் கவனம் தேவை என்றது. மயிலும் குயிலும் பெருகியிருப்பதாகவும், வயல்வெளிகளில் நாம் சாதாரணமாகப் பார்த்த பனங்காடையின் நிலையை உலக அளவில் மறுஆய்வு செய்ய வேண்டும் என்றும் அது கூறியது. செல்பேசிக் கோபுரங்களால் சிட்டுக்குருவி அழிந்துவிட்டது என்று ஊரே பேசிக்கொண்டிருந்தபோது, நாடு முழுவதையும் பார்த்தால் அதன் நிலை ஏறக்குறைய சீராகவே இருக்கிறது, பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்று காட்டியது 2020 அறிக்கை. ‘இதையெல்லாமா எழுதுவது’ என்று எண்ணாமல் சிட்டுக்குருவியையும் எழுதி வைத்தவர்களால் கிடைத்த விடை அது.

“தவறான பதிவுகளைச் சரிபார்க்க ஆள் இல்லையா?”

இருக்கிறார்கள். என்னைக் கவலைப்பட வைக்கும் ஓட்டையும் அங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒவ்வோர் இனத்துக்கும் ஓர் உச்ச எண்ணிக்கை வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டினாலோ, அந்த இடத்தில் எதிர்பாராத பறவையை எழுதினாலோ பதிவு தனியே நிறுத்தப்படும். தன்னார்வலர் ஒருவர் அதைப் பார்த்து விளக்கமோ புகைப்படமோ கேட்பார். ஆக, கூடுதலாக எழுதினால் பிடித்துவிடுவார்கள். எழுதாமல் விட்டதைப் பிடிப்பது கடினம்.

பள்ளிகளில் இது எளிதாக நடந்துவிடுகிறது. பரிசு அறிவித்ததும் மாணவர்கள் மீன்கொத்தியையும் மரங்கொத்தியையும் தேடி ஓடுகிறார்கள். காகம், மாடப்புறா, மைனா, தவிட்டுக்குருவி எல்லாம் விடுபட்டுப்போகின்றன. மேலதிகாரிக்கு அனுப்பப் புகைப்படம் எடுத்த கையோடு ‘ஆம்’ என்று அழுத்திவிடுகிறார்கள். நன்றாகப் படிப்பவர்களுக்கு மட்டும் ‘வந்தார்’ என்று குறித்த வருகைப் பதிவேடு எப்படியோ, அப்படித்தான் இந்தப் பட்டியலும். அந்த வளாகத்தில் அன்று காகமே இல்லை என்று அது அறிவியலுக்குச் சொல்கிறது. இப்படிப்பட்ட பட்டியல்கள் நூறு சேர்ந்தால் இல்லாத சரிவு ஒன்று கணக்கில் தோன்றிவிடும்.

அதனால் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அதிக இனங்களைக் கண்டவருக்குப் பரிசு என்று அறிவிக்காதீர்கள். முதல் ஐந்து நிமிடம் காகம், மைனா, புறா ஆகியவற்றை மட்டும் எண்ணச் சொல்லுங்கள். அரிய பறவையைத் தேடுவதை அதன் பிறகு வைத்துக்கொள்ளலாம். அதே இடத்தில் ஆண்டு முழுவதும், மாதம் ஒருமுறையாவது, கால் மணி நேரம் பார்க்கும் பள்ளியின் பட்டியல், நான்கு நாள் விழாவின் பெரும் கூட்டத்தைவிடப் பயனுள்ளது.

மற்ற கேள்விகள்

எவ்வளவு நேரம்? குறைந்தது 15 நிமிடம். இடம் மாறினால் புதிய பட்டியல்.

எண்ண முடியாத பெருங்கூட்டம் என்றால்? பத்துப் பத்தாக மதிப்பிட்டு எழுதுங்கள். அதுவும் முடியாவிட்டால் மட்டும் எக்ஸ் குறி.

குரல் மட்டும் கேட்டால்? உறுதியாகத் தெரிந்தால் எழுதலாம். செயலி சொன்னது என்பது மட்டும் போதாது.

வகுப்பில் 40 பேர்? சிறு குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு பட்டியல். சேர்ந்து பார்த்த மற்றவர்களுடன் அதைப் பகிர்ந்துகொள்ளலாம்.

வீட்டுக் கோழி, கூண்டுக்கிளி? வேண்டாம்.

கூடு கண்டால்? நெருங்காதீர்கள், படம் எடுத்துப் போடாதீர்கள்.

அன்றே ஏற்ற முடியவில்லை? தேதி, தொடங்கிய நேரம், பார்த்த நேர அளவு, இடம் ஆகியவை தாளில் இருந்தால் பிறகு ஏற்றலாம். குறிக்காததை ஊகித்து நிரப்ப வேண்டாம்.