மாசம் பத்தாயிரம் ரூபாய்க்கு ஒரு கவுன்சிலர்

உங்க இன்டர்ன்ஷிப்ல ஸ்டைபண்ட் எவ்வளவு? எனக்குப் பத்தாயிரம். "இதுக்கா தினமும் ரெண்டு பஸ் மாறிப் போறோம்"னு நானும் என் ரூம்மேட்டும் புலம்பாத நாள் இல்லை. அப்புறம்தான் ஒரு விஷயம் தெரிஞ்சுது. சென்னை மாநகராட்சியில ஒரு கவுன்சிலருக்கு அரசு தர்ற மதிப்பூதியமும் மாசம் 10,000 ரூபாய்தான். அதுவும் 2023 ஜூலையில இருந்துதான். அதுக்கு முன்னாடி மாசாமாசம் வர்ற பணம்னு ஒண்ணே கிடையாது. கூட்டத்துக்கு வந்தா அமர்வுப்படின்னு சில நூறு ரூபாய், அவ்வளவுதான்.

துணை மேயருக்கு 15,000. மேயருக்கு 30,000. இவ்வளவு பெரிய ஊரோட மேயருக்கு, நம்ம பிளேஸ்மென்ட்ல ஃப்ரெஷருக்குத் தர்ற சம்பளம். ஒப்பிட்டுப் பார்க்கணும்னா, ஒரு எம்.எல்.ஏ.வுக்கு 2018 முதல் மாசம் 1,05,000.

ஏன் திடீர்னு இந்த ஆராய்ச்சின்னு கேட்பீங்க. எனக்கு இந்த வருஷம் 21 வயசு ஆச்சு. எம்.எல்.ஏ., எம்.பி. தேர்தல்ல நிக்க 25 வயசு ஆகணும். கவுன்சிலருக்கு 21 போதும். அதாவது நம்ம ஃபைனல் இயர்ல முக்கால்வாசிப் பேர் சட்டப்படி நிக்கலாம். கதை இல்லை, 2022 தேர்தல்ல சென்னையில 21 வயசுப் பெண் ஒருத்தர் ஜெயிச்சு கவுன்சிலர் ஆனாங்க. சரி, நாம நின்னா என்ன ஆகும்னு விளையாட்டா ஒரு கணக்குப் போட்டேன். கணக்கு எங்கேயும் ஒட்டவே இல்லை.

சென்னையில 200 வார்டு, சுமார் 61 லட்சம் வாக்காளர்கள். சராசரியா வார்டுக்கு முப்பதாயிரம் பேர். 2022ல ஒரு வேட்பாளர் செலவு பண்ணலாம்னு தேர்தல் ஆணையம் வெச்ச உச்சவரம்பு 90,000 ரூபாய். ஒரு பேச்சுக்கு, அந்த வரம்புக்குள்ளேயே நேர்மையா செலவு பண்ணி ஜெயிச்சுட்டீங்கன்னு வெச்சுப்போம். போட்ட காசைத் திரும்ப எடுக்கவே ஒன்பது மாச மதிப்பூதியம் போயிடும். அதுக்கப்புறம் தினசரிச் செலவு. எங்க தெருவுல தெருவிளக்கு எரியலைன்னு அப்பாவோட ஒரு தடவை கவுன்சிலர் ஆபீஸுக்குப் போயிருந்தேன். ஒரு ஹால், ரெண்டு டேபிள், கம்ப்யூட்டர்ல மனு எழுதித் தர ஒரு பையன். விளக்கு நாலு நாள்ல எரிஞ்சுது, அதுல குறை சொல்ல ஒண்ணுமில்லை. ஆனா அந்த ஹால் வாடகையும் அந்தப் பையனோட சம்பளமும் சேர்ந்தாலே பத்தாயிரத்தைத் தாண்டியிருக்கும்னு இப்பதான் உறைக்குது. இதுக்கு மேல கல்யாணம், காதுகுத்து, சாவு வீடு, கோயில் திருவிழா நன்கொடை. கவுன்சிலர் வெறுங்கையோட வந்தா நம்ம தெரு சும்மா விடுமா?

அப்போ யாரால இந்த வேலைக்கு வர முடியும்? ஏற்கெனவே கையில காசு இருக்கறவங்க வரலாம். கட்சி காசு கொடுத்து நிறுத்தறவங்க வரலாம். இல்லை, ஜெயிச்சு வந்தப்புறம் "வேற வழியில" எடுத்துக்கலாம்னு நினைக்கறவங்க வரலாம். வீடு கட்டறவங்களுக்கு இந்த மூணாவது ரகத்தைப் பத்தி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இதுல எதுலயும் சேராம, சொந்தச் சம்பளத்துல குடும்பத்தை ஓட்டிக்கிட்டு முழுநேரமா வார்டு வேலை பார்க்கற கவுன்சிலர்களும் இருக்காங்க. அவங்க இந்த அமைப்பினால நல்லவங்களா இல்லை, இந்த அமைப்பையும் மீறி நல்லவங்களா இருக்காங்க.

இந்த இடத்துல உத்திரமேரூரைப் பத்தி ஒரு வார்த்தை. குடவோலை முறைன்னு ஸ்கூல்ல பெருமையா படிச்சோமே, முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, பத்தாம் நூற்றாண்டு. அதுல நிறைய நல்ல விதிகள் இருக்கு. கணக்குக் காட்டாதவன் மறுபடி வர முடியாது; அவனோட சொந்தக்காரங்களும் வர முடியாது. மூணு வருஷத்துக்குள்ள பதவியில இருந்தவன் பேரைக் குடத்துல போடக் கூடாது. ஆனா புத்தகத்துல நாம வேகமா தாண்டிப் போற வரி ஒண்ணு உண்டு. கால் வேலிக்கு மேல வரி கட்டற நிலமும், சொந்த மனையில வீடும் இருக்கணும். வேதம் படிச்சிருக்கணும். அது பிராமண ஊரோட சபை. இன்னிக்கு அந்த மாதிரி எழுதப்பட்ட விதி எதுவும் இல்லை. ஆனா சம்பளமில்லாத வேலைன்னு சொல்லிட்டா, நிலம் இருக்கான்னு தனியா கேட்கவே தேவையில்லை, பாருங்க. இங்கிலாந்துல 1838லயே சாசன இயக்கத்துக்காரங்க எம்.பி.க்களுக்குச் சம்பளம் கொடுன்னு கேட்டது இதனாலதான். சம்பளம் இல்லைன்னா தொழிலாளி பாராளுமன்றத்துக்குள்ள வர முடியாதுன்னாங்க. அவங்களுக்கு அது கிடைக்கவே 1911 ஆச்சு.

சரி, சம்பளத்தை ஏத்திட்டா முடிஞ்சுதா? நானும் முதல்ல அப்படித்தான் நினைச்சேன். இல்லை. கவுன்சிலர் யாருக்குப் பதில் சொல்றார்ங்கறது, அவர் எப்படித் தேர்ந்தெடுக்கப்படறார்ங்கறதுலயும் மாட்டிக்கிட்டு இருக்கு.

2022 ரிசல்ட்டைப் பாருங்க. 200 வார்டுல திமுக மட்டும் 153. கூட்டணியோட சேர்த்து 178. அதிமுக 15. மத்த எல்லாருக்கும் சேர்த்து 7. 2011ல இதே கதை அப்படியே அதிமுக பக்கம் நடந்தது. அதனால இது எந்தக் கட்சியையும் பத்தின புகார் இல்லை, கணக்கு வேலை செய்யற விதம். ஹாஸ்டல்ல மூணு பிளாக், பிளாக்குக்கு 100 ஓட்டு, ஒரு பிரதிநிதின்னு வெச்சுக்கங்க. மூணு பிளாக்லயும் ஏ அணிக்கு 40, பி அணிக்கு 30, சி அணிக்கு 20, டி அணிக்கு 10. மூணு சீட்டும் ஏ அணிக்கே. நூத்துக்கு அறுபது பேர் வேற யாருக்கோ போட்டாங்க, அவங்களுக்கு ஒரு சீட்டும் இல்லை. இதுல பாதிக்கப்படறது எதிர்க்கட்சி மட்டும்னு நினைக்காதீங்க. இப்படிப்பட்ட ஊர்ல ஜெயிக்கறதுக்குக் குறுக்கு வழி, அலை அடிக்கற கட்சியில சீட் வாங்கறது. சீட் கொடுக்கறது மாவட்டச் செயலாளர், வார்டு ஜனங்க இல்லை. ஜெயிச்சப்புறம் கவுன்சிலர் கண்ணு மேல பார்க்குமா, கீழ பார்க்குமா?

மேயர் விஷயம் இன்னும் வேடிக்கை. 1996லயும் 2001லயும் ஜனங்க நேரடியா ஓட்டுப் போட்டு மேயரைத் தேர்ந்தெடுத்தாங்க, ரெண்டு தடவையும் ஸ்டாலின். 2006ல கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தாங்க, மா. சுப்பிரமணியன். 2011ல மறுபடி நேரடி, சைதை துரைசாமி. 2016ல மறைமுகம்னு சட்டம், 2018ல நேரடின்னு சட்டம், 2019 நவம்பர்ல மறைமுகம்னு அவசரச் சட்டம். இந்தக் கடைசி மூணு மாத்தத்துக்கு நடுவுல ஒரு மாநகராட்சித் தேர்தல்கூட நடக்கலைங்கறதுதான் உச்சம். 2016 அக்டோபர்ல நடக்க இருந்த தேர்தலோட அறிவிப்பை உயர் நீதிமன்றம் ரத்து பண்ணுச்சு. அப்புறம் 2022 பிப்ரவரி வரைக்கும் சென்னைக்குக் கவுன்சிலே இல்லை. கொரோனா முழுக்க அதிகாரிகள் ஆட்சிதான். அதுக்கு முன்னாடி 1973ல கலைச்சுட்டு 1996 வரைக்கும் 23 வருஷம் சும்மா விட்டதும் இதே ஊர்தான். 1688ல ஆரம்பிச்ச, நாட்டுலயே பழைய மாநகராட்சி!

2022 தேர்தலப்போ நான் பிளஸ் டூ. ஓட்டு இல்லை. வாய்ப்பு இருந்தவங்களும் பெருசா போகலை, சென்னையில வாக்குப்பதிவு சுமார் 44 சதவீதம்தான்.

இதை வேற மாதிரி பண்ண முடியுமா? ஒரு வழி நம்ம நாட்டுலயே நடைமுறையில இருக்கு. ராஜ்யசபா தேர்தல் வரும்போது "ஒரு எம்.பி.க்கு 34 எம்.எல்.ஏ. வேணும்"னு நியூஸ்ல சொல்வாங்களே, கவனிச்சிருக்கீங்களா? 234 எம்.எல்.ஏ.க்கள், 6 சீட். 234ஐ 7ஆல வகுத்து ஒண்ணு கூட்டினா 34. எம்.எல்.ஏ.க்கள் வேட்பாளர்களை 1, 2, 3ன்னு வரிசைப்படுத்தி ஓட்டுப் போடறாங்க. ஒரு ஓட்டு, ஆனா மாத்திக் கொடுக்கக்கூடிய ஓட்டு.

எப்படி எண்ணறாங்கன்னு புரிய நம்ம ஏரிகளை நினைச்சுக்கங்க. மேல் ஏரி நிரம்பினா மிச்சத் தண்ணி கலங்கல் வழியா அடுத்த ஏரிக்குப் போகும். அதே மாதிரி, தேவையான ஓட்டுக்கு மேல ஒருத்தருக்கு விழுந்த உபரி, அந்த ஓட்டுப் போட்டவங்களோட ரெண்டாவது விருப்பத்துக்குப் போகும். கடைசியில இருக்கறவர் விலக்கப்பட்டா, அவரோட ஓட்டும் அடுத்த விருப்பத்துக்குப் போகும். ஹாஸ்டல் உதாரணத்துல மூணு பிளாக்கையும் சேர்த்து 300 ஓட்டு, 3 சீட். 300ஐ 4ஆல வகுத்து ஒண்ணு கூட்டினா 76. ஏ அணிக்கு மொத்தம் 120, ஒரு சீட் உறுதி, மிச்சம் 44. பி அணிக்கு 90, ஒரு சீட், மிச்சம் 14. சி 60, டி 30. பி-யோட ரெண்டாவது ஆள் 14ஓட முதல்ல வெளியே. அந்த 14 பேரும் வேற யாரையும் குறிக்கலைன்னு வெச்சுப்போம். அடுத்து டி வெளியே. டி-க்குப் போட்டவங்கள்ல 20 பேர் ரெண்டாவதா சி-யைக் குறிச்சிருந்தா சி-க்கு 80. மூணாவது சீட் சி-க்கு. அதே 300 பேர், அதே மனசு. முதல்ல 3-0-0, இப்ப 1-1-1.

இதையும் சம்பளத்தையும் ஒரே மூச்சுல மாத்தின ஊர் ஒண்ணு இருக்கு, அமெரிக்காவுல ஆரிகன் மாநிலத்து போர்ட்லண்ட். ஆறு லட்சத்துக்கு மேல ஜனத்தொகை. 1913ல இருந்து அங்கே மேயரோட சேர்த்து அஞ்சே பேர்தான் கவுன்சில். அஞ்சு பேரையும் முழு ஊரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும்; ஆளுக்கு ஒரு துறைன்னு தண்ணி, தீயணைப்பு எல்லாத்தையும் அவங்களே நேரடியா நடத்துவாங்க. ஊர் முழுக்கப் பிரச்சாரம் பண்ண வசதி வேணும்ங்கறதால, வசதி குறைஞ்ச கிழக்குப் பகுதிக்காரங்க உள்ளே வர்றது அபூர்வம். 2022 நவம்பர்ல ஜனங்க ஓட்டுப் போட்டு இதை மாத்தினாங்க. நாலு மாவட்டம், மாவட்டத்துக்கு மூணு பேர், நான் மேல சொன்ன அதே எண்ணிக்கை முறை. துறைகளை நடத்தறது ஒரு நிர்வாகி. சம்பளத்தைக் கவுன்சில் தானே ஏத்திக்கக் கூடாதுன்னு, மனிதவளத் துறை அனுபவம் உள்ளவங்களைக் கொண்ட தனிக் குழு நிர்ணயிச்சுது. கவுன்சிலருக்கு வருஷத்துக்கு 1,33,207 டாலர், மேயருக்கு 1,75,463 டாலர். ரூபாய்ல மாத்தி வாயைப் பிளக்காதீங்க, அங்கே வாடகையே வேற. நான் பார்க்கச் சொல்றது தொகையை இல்லை, அதை யார் முடிவு பண்ணாங்கங்கறதை.

2024 நவம்பர்ல முதல் தேர்தல். 12 சீட்டுக்கு 98 பேர் நின்னாங்க. பேர் பட்டியலைப் பார்த்து மிரண்டு கவுன்சில் பகுதியை வெறுமையா விட்டவங்களும் கணிசம். கவுன்சில் கூடினதும் தலைவரைத் தேர்ந்தெடுக்க 6-6ன்னு பிரிஞ்சு பல சுற்று ஓட்டு. சொர்க்கம் ஒண்ணும் இறங்கி வந்துடலை.

இங்கே கொண்டு வர முடியுமா? அரசியல் சட்டத்தோட 74வது திருத்தம், வார்டுகளா பிரிச்சு நேரடித் தேர்தல் நடத்தணும்ங்குது. ஒரு வார்டுக்கு ஒருத்தர்தான்னு அதுல எழுதலை. மூணு வார்டைச் சேர்த்து ஒரு பெரிய வார்டு, அதுக்கு மூணு பேர்னு மாநிலச் சட்டத்துலயே பண்ணலாம்னுதான் எனக்குத் தோணுது. ஆனா ஒரு சிக்கல். அப்போ வேட்பாளர் முப்பதாயிரம் பேரைப் பார்க்கற இடத்துல தொண்ணூறாயிரம் பேரைப் பார்க்கணும். காசில்லாத 21 வயசுக்காரருக்கு இது இன்னும் கஷ்டம். பாதி இடம் பெண்களுக்குங்கற ஒதுக்கீட்டை மூணு சீட்டுல எப்படிப் பிரிக்கறதுன்னும் தெளிவா யோசிக்கணும். அந்த ஒதுக்கீடு இல்லைன்னா இன்னிக்கு கவுன்சில்ல பாதி பேர் பெண்களா இருக்க மாட்டாங்க, அதைக் குலைக்கற எந்தச் சீர்திருத்தமும் வேண்டாம்.

சம்பளம் மட்டும் இதைவிட சுலபம். 200 கவுன்சிலருக்கும் மாசம் 50,000ன்னு கொடுத்தா வருஷத்துக்கு 12 கோடி. மாநகராட்சி பட்ஜெட் ஐயாயிரம் கோடிக்கு மேல. ஆயிரம் ரூபாய்க்கு இரண்டரை ரூபாய்கூட வராது. என் ரூம்மேட் கேட்டான்: "ஐம்பதாயிரம் கொடுத்தா மட்டும் வாங்கறவன் நிறுத்திடுவானா?" மாட்டான், ஒத்துக்கறேன். ஆனா இன்னிக்கு வாங்காதவனால அந்த நாற்காலியில உட்காரவே முடியலையே, அவனுக்குத்தான் நான் கணக்குப் போடறேன். "அப்போ நீ நிக்கறியா?"ன்னான். ஹால் வாடகை எவ்வளவுன்னு விசாரிச்சுட்டுச் சொல்றேன்னேன்.

இப்போ இருக்கற கவுன்சில் 2022 மார்ச்ல பதவியேத்தது. அஞ்சு வருஷக் கணக்குப்படி 2027 மார்ச் தொடக்கத்துல முடியணும். நமக்கு முதல் மாநகராட்சி ஓட்டு அதுதான், தேர்தலை ஒழுங்கா நேரத்துக்கு நடத்தினா.