பாட்டைக் கேட்டுப் பதில் சொல்லும் கருவி

நவராத்திரி கொலுவுக்குப் பாட வரும் நம் வீட்டுப் பிள்ளைகளின் கையில் இன்று தம்புரா இல்லை. மின்னணுச் சுருதிப்பெட்டியோ செல்போனோதான் இருக்கிறது. ஊரை விட்டு வந்து அலிப்பூரில் வாழும் நமக்கு இது பெரிய சௌகரியம். பெங்களூரைச் சேர்ந்த பொறியாளரும் புல்லாங்குழல் கலைஞருமான ஜி. ராஜ் நாராயண் 1979 வாக்கில் மின்னணுத் தம்புராவை உருவாக்கினார். அவருடைய ரேடல் நிறுவனத்தின் பெட்டிகளைக் கச்சேரி மேடைகளிலும் காணலாம்.

ஆனால் இந்தப் பெட்டிக்குக் காது கிடையாது. நாம் சுருதி விலகினாலும் அது தன் போக்கில் ஒலித்துக்கொண்டிருக்கும். பாடுவதைக் கேட்டு உடனுக்குடன் பதில் தரும் கருவிகளோ வேறு ரகம். பாடகர் பெடலை மிதித்தால், பாடிய வரியைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்ப ஒலிப்பது ஒன்று. பாடும் ஸ்வரத்தை அறிந்து துணைக்குரல் சேர்ப்பது இன்னொன்று.

இது எப்படி நடக்கிறது? மைக்கில் விழும் குரல் வினாடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டு எண்களாகிறது. ஓர் அதிர்வு முடிந்து அடுத்தது எப்போது தொடங்குகிறது என்று கம்ப்யூட்டர் கணக்கிட்டு ஸ்வரத்தைக் கண்டுபிடிக்கிறது. ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆண் குரலின் ஸட்ஜம் வினாடிக்குச் சுமார் 130 அதிர்வு. இரண்டு அதிர்வையாவது கேட்க 15 மில்லி வினாடி ஆகும். பக்கவாத்தியக்காரர் ஐந்து மீட்டர் தள்ளி உட்கார்ந்து வாசிப்பதற்கு இது சமம். அந்தக் காலத்து ரயில்வே சிக்னலில் கம்பி நீளமாக இருந்தால், லீவரை இழுத்த பிறகும் கை சற்றுப் பிந்தித்தான் அசையும், அதுபோலத்தான் இதுவும். இந்தத் தாமதம் கூடக்கூடத் தாளம் நழுவும். இன்டர்நெட் வகுப்பில் குருவும் சிஷ்யையும் சேர்ந்து பாட முடியாததற்கும் தாமதமே காரணம். ஒருவர் பாடி முடித்த பின் மற்றவர் பாடுவதே நல்லது.

இதைவிடக் கவனிக்க வேண்டியது சுருதி திருத்தும் கருவி. எண்ணெய் தேடும் நில அதிர்வு ஆய்வில் ஈடுபட்டிருந்த அமெரிக்கர் ஆண்டி ஹில்டிபிராண்டு 1997-இல் வெளியிட்ட 'ஆட்டோ டியூன்' இவ்வகையில் புகழ்பெற்றது. இத்தகைய கருவியை வழக்கமான முறையில் அமைத்தால், பாடுவதை ஹார்மோனியக் கட்டைகள் போன்ற 12 சம இடங்களில் அருகிலுள்ளதற்கு இழுத்துவிடும். ஒரு கட்டை இடைவெளியை 100 பங்காக்கினால், தம்புராவில் தானே எழும் அந்தர காந்தாரம் 386-ஆம் பங்கில் நிற்கும். இந்தக் கருவியின் காந்தாரமோ 400-இல். தோடியின் காந்தாரமோ அசைவிலேயே உயிர் வாழ்வது. அதை ஓரிடத்தில் நிறுத்திவிட்டால் பிறகு தோடி ஏது?

ஆகவே பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் சாதகம் செய்யத் தம்புரா ஒலி போதும். பதிவு செய்யும்போது சுருதி திருத்தும் வசதியை அணைத்து வையுங்கள். தவறும் ஸ்வரம் தவறாகவே காதில் விழுந்தால்தான் குழந்தை அதைத் தானே திருத்திக்கொள்ளும். கேள்வி ஞானம் வளர்ந்த பிறகு, எந்தக் கருவியோடும் துணிந்து பாடலாம்.