சட்டைப்பைக் கருவி: மலிவானது போதுமா?

சென்ற ஆண்டில் ஒருநாள் மாலை, பரமக்குடியில் நமக்கு நன்கு அறிமுகமான நெசவாளர் ஒருவர் வலக்கையில் கட்டுடன் நம்மிடம் வந்தார். குறடும் கத்தியும் திருப்புளியும் ஒன்றாக மடங்கியிருக்கும் கருவி ஒன்றை 300 ரூபாய்க்கு வாங்கியிருந்தார். அதன் கத்தி முனையால் பலகையில் துளையிட முயன்றபோது, கத்தி மடங்கி விரல்களை வெட்டிவிட்டது. நான்கு தையல், இரண்டு வாரம் தறி ஓடவில்லை. “சாமி, மலிவுச் சாமானை நம்பினது என் தப்புத்தானே?” என்று கேட்டார். கையே மூலதனமாக உள்ள குடும்பத்தில் அஃது எளிய கேள்வியன்று. ஆதலால் அதனைச் சற்று ஆராய்வோம்.

சுவிட்சர்லாந்தின் இபாக் என்னும் ஊரில் 1884-இல் பட்டறை தொடங்கிய கார்ல் எல்சனர், 1891-இல் அந்நாட்டுப் படைவீரர்களுக்கு மடக்குக் கத்தி வழங்கலானார். 1897-இல் அவர் பதிவு செய்த கத்தியின் வழிவந்ததே இன்று உலகறிந்த ‘சுவிஸ் கத்தி’. அமெரிக்கரான டிம் லெதர்மேன் 1975-இல் பழைய காரொன்றில் ஐரோப்பாவைச் சுற்றியபோது, தம் மடக்குக் கத்தியில் குறடு இல்லாத குறையை உணர்ந்தார். 1980-இல் காப்புரிமை பெற்று, 1983-இல் குறடுள்ள கருவியை விற்பனைக்குக் கொணர்ந்தார். நம் கடைகளில் தொங்கும் மலிவுக் கருவிகள் பெரும்பாலும் இவ்விரண்டின் சாயலில் செய்யப்பட்டவையே.

விலை குறைவதன் காரணம் எஃகிலும் செய்நேர்த்தியிலும் உள்ளது. கரியின் அளவு குறைந்த எவர்சில்வர் எஃகு விரைவில் மழுங்கும். எனினும் சாணைக்கல்லில் எளிதாகத் தீட்டிக்கொள்ளலாம். மதுரைச் சாலையில் மானாமதுரைக்கு அப்பால் உள்ள திருப்பாச்சேத்தி அரிவாளின் உறுதியை இதனிடம் எதிர்பார்த்தல் தகாது. ஆயினும் நூல் நறுக்கவும், பொட்டலம் பிரிக்கவும், மூக்குக் கண்ணாடியின் தளர்ந்த திருகாணியை முறுக்கவும், வளைந்த கம்பியை நிமிர்த்தவும் அத்துணை உறுதி வேண்டுவதில்லை. இவ்வளவுக்கு மலிவுக் கருவி போதும் என்பதே நம் துணிபு.

ஆனால், வாங்குமுன் மூன்றினைக் கவனித்தல் நலம். முதலாவது, குறட்டை மூடி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இரு தாடைகளும் கோணாமல் முனையில் பொருந்த வேண்டும். இரண்டாவது, ஒரு காந்தத்தைக் குறட்டின் தாடையில் வையுங்கள். ஒட்டாவிடில் அது முறியக்கூடிய நாகக் கலவையாக இருக்கலாம். மூன்றாவது, விரித்த கத்தியைத் தாங்கிப் பிடிக்கும் பூட்டு உண்டா என்று கேளுங்கள். பூட்டில்லாக் கத்தியை வில் மட்டுமே தாங்குகிறது. அதனால் குத்தினாலும் துளைத்தாலும் அது கைமேல் மடங்கும்.

இங்கேதான் நம் நெசவாளருக்கு உரிய விடை உள்ளது. புகழ்பெற்ற சுவிஸ் கத்தியின் சிறிய வகைகளிலும் பூட்டு இல்லை. பல்லாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கியிருந்தாலும், பூட்டில்லாக் கத்தியால் துளையிட்டிருந்தால் அதே காயம் நேர்ந்திருக்கும். குற்றம் விலையில் அன்று, வேலையின் தேர்விலேயே.

மேலும் இரண்டு எச்சரிக்கைகள். இக்கருவியின் பிடி வெறும் உலோகமாதலால், 230 வோல்ட் மின்சாரம் ஓடும் கம்பியைத் தொடவே கூடாது; அதற்குக் காப்பிட்ட குறடு வேண்டும். விமானப் பயணத்தில் இதனைக் கைப்பையில் கொண்டுசெல்ல விடார்.

இராமேசுவரம், தொண்டிப் பக்கம் வாழ்வோர்க்குத் தனியே ஒரு சொல். உப்புக் காற்று எவர்சில்வரையும் விட்டுவைக்காது. பயன்படுத்தியபின் நன்னீரில் கழுவி, ஈரமறத் துடைத்து, மூட்டில் தையல் எந்திர எண்ணெய் ஒரு துளி விடுங்கள். தேங்காயெண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்து மூட்டை இறுக்கும்.

அவ்வன்பரிடம் இவற்றையெல்லாம் பின்னர் எடுத்துரைத்தோம். அவர் அக்கருவியை எறிந்துவிடவில்லை. இன்றும் அது அவருடைய தறியருகே ஆணியில் தொங்குகிறது. நூல் நறுக்க உதவுகிறது. துளையிடுவதற்கோ, தச்சுத் துளைப்பான் ஒன்றைத் தனியே வாங்கி வைத்திருக்கிறார். சிறு கருவிக்குச் சிறு வேலை என்றறிந்த இல்லத்தில், மலிவும் நட்டமாவதில்லை.