கருவுக்கு வலிக்குமா? மேடைப் பேச்சும் மருத்துவமும்

கருக்கலைப்பை எதிர்ப்பவர்கள் முன்வைக்கும் வாதங்களில் ஒன்று, அப்போது கரு வலியால் துடிக்கிறது என்பது. 1984-இல் அமெரிக்க அதிபர் ரொனால்ட் ரீகன் இதை மேடையிலேயே சொன்னார். அதே ஆண்டு வெளியான 'தி சைலன்ட் ஸ்க்ரீம்' படம், 12 வாரக் கரு கருவிக்கு அஞ்சி விலகி அலறுவதாக ஒரு ஸ்கேன் காட்சிக்கு விளக்கம் தந்தது. 2010-இல் நெப்ராஸ்கா மாநிலம், 20 வாரக் கரு வலியை உணரும் என்று காரணம் காட்டிச் சட்டமே இயற்றியது.

இந்தக் கூற்றுகளில் அசைவும் வலியும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. தொட்டால் விலகுவது தண்டுவடம் மட்டுமே நடத்தும் அனிச்சைச் செயல்; சில வாரக் கருவிடமும் அது உண்டு. வலி என்பது உணரப்படும் அனுபவம். அதற்கு மூளையின் உட்பகுதியான தலாமஸிலிருந்து மூளைப் புறணிக்கு நரம்பு இணைப்பு வேண்டும் என்பது பெரும்பாலான ஆய்வாளர் கருத்து. அந்த இணைப்பு ஏறத்தாழ 24-ஆம் வாரத்தை ஒட்டியே உருவாகத் தொடங்குகிறது.

அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் 2005-இல் வந்த ஆய்வுத் தொகுப்பு, கடைசி மூன்று மாதங்களுக்கு முன் வலியுணர்வு இருக்க வாய்ப்பு குறைவு என்றது. பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர் ராயல் கல்லூரி 2022-இல் 28 வாரத்துக்கு முன் வாய்ப்பு குறைவு என்று அறிவித்தது. மாற்றுக் கருத்தும் உண்டு. கருக்கலைப்பு உரிமையை ஆதரிக்கும் உளவியலாளர் ஸ்டூவர்ட் டெர்பிஷயர், 24 வாரத்துக்கு முன்பே வலி சாத்தியமாகலாம் என 2020-இல் ஒரு கட்டுரையில் இணைந்து எழுதினார்.

கருவுக்கு அறுவை சிகிச்சை செய்யும்போது மருந்து தருகிறார்களே என்பது இன்னொரு வாதம். அந்த மருந்து கருவை அசையாமல் வைக்கவும், உடலின் அதிர்ச்சி எதிர்வினையைத் தணிக்கவும் தரப்படுகிறது. வலிக்கு அது சான்றாகாது. வாரக் கணக்கிலும் கவனம் தேவை. மருத்துவர்கள் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுவார்கள். நெப்ராஸ்கா சட்டம் கருத்தரித்த நாளிலிருந்து எண்ணியதால், அதன் 20 வாரம் மருத்துவக் கணக்கில் 22 வாரம்.

இந்தியச் சட்டம் கருவின் வலியை அளவுகோலாக வைக்கவில்லை. 1971-ஆம் ஆண்டுச் சட்டமும் 2021 திருத்தமும் தாயின் உயிர், உடல்நலம், மனநலம், கருவின் கடும் குறைபாடு ஆகியவற்றையே பார்க்கின்றன. 20 வாரம்வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 20 முதல் 24 வாரம்வரை, பாலியல் வன்முறைக்கு உள்ளானவர், சிறுமி போன்ற குறிப்பிட்ட பிரிவினருக்கு இரு மருத்துவரின் கருத்து தேவை. 24 வாரத்துக்குப் பின், கருவில் கடும் குறைபாடு இருப்பதாக மருத்துவ வாரியம் முடிவு செய்தால் அனுமதி உண்டு. தாயின் உயிரைக் காப்பதற்கு வார வரம்பே இல்லை. இது மத்தியச் சட்டம் என்பதால் நாடு முழுவதும் விதி ஒன்றே.

2023 அக்டோபர் 16-இல் உச்ச நீதிமன்றம் 26 வாரம் கடந்த ஒரு கர்ப்பத்தைக் கலைக்க அனுமதி மறுத்தது. 24 வார வரம்பு கடந்துவிட்டது, தாயின் உயிருக்கு உடனடி ஆபத்தில்லை, கருவில் கடும் குறைபாடில்லை என்பவையே அது சொன்ன காரணங்கள்.

ஆகவே, 12 வாரக் கரு வலியால் அலறுகிறது என்ற கூற்றுக்கு ஆதாரம் இல்லை. 20 வாரத்தில் உறுதியாக வலிக்கும் என்பது மருத்துவ அமைப்புகளின் முடிவுக்கு மாறானது. வலியுணர்வு சரியாக எப்போது தொடங்குகிறது என்பது இன்னும் ஆய்வில் இருக்கிறது.